கொத்தமல்லிக் கட்டின் ஆயுள்: ஓர் ஆய்வு

'ஆய்வு' என்பது பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பிறந்தது அடுக்களையில். பழைய பேப்பரை விரித்து, பழுத்த இலையை இப்பாலும் நல்ல இலையை அப்பாலும் ஒதுக்கிக் கீரை ஆய்ந்தவரே முதல் ஆய்வாளர். முனைவர் பட்டமெல்லாம் பிற்காலத்து இடைச்செருகல்.

குளிர்நாட்டார் நிலவறை தோண்டி, கேரட்டையும் பீட்ரூட்டையும் ஈரமணலில் புதைத்துப் பனிக்காலத்தைக் கழித்தார்கள். நாமும் தோண்டலாமே என்பது இவ்வாய்வாளனின் முதல் கருதுகோள். அது உடனே கைவிடப்பட்டது. ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். சென்னையில் அது ஏறக்குறைய 28 டிகிரி. கொத்தமல்லி கேட்பதோ 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 95 விழுக்காட்டு ஈரப்பதமும். தோண்டினால் தண்ணீர் கிடைக்கலாம், சட்னி கிடைக்காது.

ஆகவே நம் நிலவறை பிரிட்ஜின் அடித்தட்டுதான். அங்கே இரண்டு கட்சிகள்: கழுவி வைப்போர், கழுவாது வைப்போர். இலைமேல் தங்கும் நீர் அழுகலுக்கு வழி என்பதால் பின்னவர் பக்கமே நியாயம். வேரை நறுக்கி, பேப்பரில் சுற்றி, டப்பாவில் மூடினால் நெடுநாள் தாங்கும். பக்கத்தில் ஆப்பிள் கூடாது. அது விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கிவிடும். திருநீற்றுப்பச்சைக்கோ அந்தக் குளிரே ஆகாது. 12 டிகிரிக்குக் கீழே கறுத்துப்போகும்.

கொசுறாக வந்த கருவேப்பிலைக்கு ஒரு கிளைக்குறிப்பு. அதன் தாவரப் பெயரில் இருப்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக். அவரைத்தான் தினமும் தட்டோரம் ஒதுக்குகிறோம்.

இனி முக்கியக் கண்டுபிடிப்பு. புதுக்கட்டு வாங்கி வந்த பிறகே பழைய கட்டு கண்ணில் படும். எங்கள் வீட்டில் இவ்விதிக்கு விலக்கு பதிவானதே இல்லை. காரணம் வெப்பமுமல்ல, வாயுவுமல்ல: ஆயாத கட்டை எடுக்க யாருக்கும் கை வராது. ஒரு தண்டு வேண்டி முழுக்கட்டையும் பிரிக்க வேண்டுமே என்று கதவை மூடிவிடுகிறோம். ஆய்ந்து வைத்த கட்டு மூன்றே நாளில் ரசத்திலும் சாம்பாரிலும் தீர்ந்துவிடுகிறது. அழுக அதற்கு நேரமில்லை.

முடிவுரை எழுத உட்கார்ந்தபோது அடுக்களையிலிருந்து குரல்: "எழுதினது போதும், வந்து இதை ஆய்ஞ்சு குடுங்க."

கட்டு ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகிறது.