சத்தம் பிரமாதம், தம்பி!

மூணாவது மாடித் தம்பி, இப்படி வந்து குந்து. குறை சொல்லக் கூப்பிடல. விடியக்காலையில உன் பால்கனியிலேர்ந்து ஒரு சத்தம் கிளம்புதே, உஜ்ஜாயின்னு யோகா மூச்சாமே, பிரமாதம். மெட்ரோவுக்குத் தூண் நட்ட காலத்துக்கு அப்பால குமணன்சாவடியில இப்படி ஒரு சத்தம் நான் கேக்கல. கீழ் வீட்டம்மா பாவம், மோட்டாரை நிறுத்த மறந்துட்டோம்னு சுவிட்சுகிட்ட ஓடுச்சு.

சத்தம் பெருசா வந்தாத்தான் மூச்சு சரியாப் போவுதுன்னு ஃபோன்ல ஒருத்தன் சொன்னானா? சொல்லுவான். புண்ணாவறது உன் தொண்டைதானே.

நான் படிக்காதவன். ஆனா ஒண்டுக்குடித்தனத்துல, மாமியார் மாமனார் படுத்திருந்த அதே கூடத்துல பொண்டாட்டிகிட்ட குசுகுசுன்னு பேசியே குடும்பம் நடத்தினவன். அந்தக் குசுகுசுலதான் உன் உஜ்ஜாயி மொத்தமும் இருக்குது. குரல்வளைக்குள்ள ரெண்டு குரல்நாண் இருக்குதா, சும்மா மூச்சு விட்டா ரெண்டும் அகலமா விலகி நிக்கும். பேசினா ஒட்டி அதிரும். ரகசியம் பேசினா ரெண்டும் கிட்ட வரும், ஆனா அதிராது. நடுவுல இருக்குற இடுக்குல காத்து உரசிப் போவும். அந்த உரசல்தான் சத்தம். அது தானா வரணும், நீ பண்ணக்கூடாது.

கண்ணாடி எடு. வாயைத் தொறந்து, குரல் குடுக்காம 'ஹா'ன்னு ஊது. ஆவி படியுதா? ஊதிக்கினே பாதியில வாயை மூடு. தொண்டை இருந்தபடியே இருக்கட்டும், காத்து மூக்கு வழியா போவட்டும். அவ்வளவுதான் வெளிமூச்சு. உள்மூச்சுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. நீ மூக்கைச் சுருக்கி உறிஞ்சற; உள்நாக்குப் பக்கம் துடிக்குது. அதுக்குப் பேரு குறட்டை, ராத்திரியில துட்டு கட்டாமலே பண்றியே! இழுக்கும்போதும் அதே 'ஹா' இடத்துலதான் உரசணும். கழுத்து நரம்பு புடைக்கக்கூடாது, தோள் காதுகிட்ட ஏறக்கூடாது. குரல்வளை மேல ரெண்டு விரல் வை. அதிர்ந்தா நீ முனகற, மூச்சு விடல. பக்கத்துல குந்தினவனுக்குக் கேக்குறதே அதிகம், நீ பக்கத்துத் தெருவுக்கே சேவை பண்ற.

இடுக்கு சின்னதானா காத்து மெதுவாப் போவும், மூச்சு நீளும். நிமிஷத்துக்குப் பன்னண்டு, பதினஞ்சுன்னு ஓடறது ஆறுக்கு இறங்கினா மனசு அடங்கும். 2013ல புதுசா பழகறவங்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்களாம். மெதுவா, இழுக்கறதும் விடறதும் சம அளவா இருந்ததுக்கே நல்ல பலன். மேல உஜ்ஜாயி சேர்த்ததால தனியா லாபம் இல்ல, முக்கினது குறுக்க நின்னிருக்கும்னு சொல்றாங்க. உன்னைப் பாக்காமலே எழுதியிருக்காங்க!

பதினஞ்சாம் நூத்தாண்டுல ஹடயோகப் பிரதீபிகை எழுதின சுவாத்மாராமர், தொண்டையிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் உரசற மாதிரி இழுத்து, நிறுத்தி, இடது மூக்கு வழியா விடுன்னாரு. தொண்டைச் சளி போவுமாம். நடக்கும்போது, நிக்கும்போதுகூட பண்ணலாமாம். அதுக்காக நம்ம ஜங்ஷன்ல பண்ணிடாதே. உள்ள போற புழுதிக்கு அவரு பொறுப்பாவ மாட்டாரு.

ஃபோன்ல கத்துக்கறதுக்கு நீ கட்டின டாலரை நெனச்சாத்தான் வயிறு எரியுது. 1930கள்ல மைசூர் அரண்மனையில கிருஷ்ணமாச்சாரியார் யோகா சொல்லிக் குடுத்தாரு. அவர்கிட்ட படிச்ச பட்டாபி ஜோயிஸ் 1975ல கலிபோர்னியா போனாரு. அங்க ஆசனத்தோட சேர்ந்த மூச்சுச் சத்தம் பெருசாப் பரவிச்சு. அது வெறும் சத்தத்தோட விடற மூச்சு, உஜ்ஜாயிப் பிராணாயாமம் வேறன்னு பின்னால ஜோயிஸோட பேரனே சொன்னாரு. அதுக்குள்ள சத்தம் கடல் தாண்டி உன் ஃபோனுக்கு வந்துருச்சு.

பெரியவரு கிருஷ்ணமாச்சாரியார் எங்க இருந்தாரு? 1952ல மெட்ராஸுக்கு வந்தவரு, 1989ல நூறு வயசுல கண்ணை மூடற வரைக்கும் இங்கதான். மகன் தேசிகாச்சார் 1976ல அவரு பேர்ல ஆரம்பிச்ச யோக மந்திரம் மந்தைவெளியில இருக்குது. ஆளைப் பாத்து, ஆளுக்குத் தக்கபடி சொல்லிக் குடுக்கறது அவங்க வழி. நீ கலிபோர்னியாவுக்குத் துட்டு கட்டற.

உங்கப்பாவையும் பக்கத்துல குந்த வெச்சு மூச்சைப் பிடிக்கச் சொல்றியே, அதை இன்னிக்கே நிறுத்து. பிரஷர் மாத்திரை போடற மனுஷன். அவரு மெதுவா விட்டாப் போதும். பிடிக்கறதைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்க.

மந்தைவெளி போற அன்னிக்கு எனக்கும் ஒரு குரல் குடு, வரேன். ஜன்னல் சீட்டு எனக்கு. உள்ள போய் நீ தொண்டையைக் காட்டு. நான் மயிலாப்பூர் பக்கம் நடந்து ஒரு காபி குடிச்சிட்டு வரேன்.