வாடகைக்குப் போன காது

கடைப் பொடியன் என்னுடைய புது ஹெல்மெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்தான். கன்னத்துப் பஞ்சைக் கழற்றி ஒரு பக்கம் போட்டான். உள்ளே வெள்ளை வெளேரென்று ரெஜிபோம். மேசையில் கிடந்த பிளேட்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கினான்.

"என்ன தம்பி செய்யிறீங்க?"

"ஸ்பீக்கர் இருக்க இடம் வேணுமே அண்ணே. இல்லாட்டி காதில குத்தும்."

பத்து நிமிடம். இரண்டு பக்கமும் உழுந்து வடை அளவில் ஒவ்வொரு குழி. வெள்ளைத் தூள் விசிறிக் காற்றில் பறந்து வந்து என் சட்டையில் ஒட்டியது. தட்டிவிட்டேன். தட்டிவிட்டது என் மண்டையின் காவலை என்பது அன்புவழிபுரத்துக்குத் திரும்பி, வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

ஹெல்மெட் என்றால் வெளியே மினுங்கும் ஓடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடு அடியைப் பரப்பும், அவ்வளவுதான். அடியை வாங்குவது ரெஜிபோம். விழும்போது அது நசுங்கும். அது நசுங்குகிற அளவுக்கு நாம் நசுங்காமல் தப்புவோம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதே என்று சொல்வது இதனால்தான். அந்த ரெஜிபோமைத்தான் காசும் கொடுத்து, கண்முன்னே பிளேட்டால் சுரண்டுவித்து, "பாட்டு நல்லாக் கேக்குமா தம்பி?" என்று வேறு கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

காதுக்கு நேரே குழி வைத்தே செய்த ஹெல்மெட்டுகள் உண்டு. அவற்றில் எதையும் சுரண்டத் தேவையில்லை. ஆனால் அந்த விலைச் சீட்டைப் பார்த்தால் தலை சுற்றி அங்கேயே விழ வேண்டும். நான் வாங்கியது 4,500 ரூபா ஹெல்மெட். அதற்குள் வைத்த ஹெட்செட் 8,000 ரூபா. தலையை விடக் காதுக்கு விலை கூடிய நாடு இது. அரசாங்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். உயிரைக் காப்பதற்கும் 18, பேஸைக் கூட்டுவதற்கும் 18.

கடையில் மேல் தட்டில் கார்டோ, சேனா என்று பெரிய இடத்துப் பிள்ளைகள். நல்லதாக ஒன்று எடுத்தால் இலட்சத்தைத் தாண்டும். என் பைக்கை விற்றால் அதில் ஒன்றரை வாங்கலாம். கீழ்த் தட்டில் சீனப் பெட்டிகள். பெட்டியில் பனிமலை, மலையில் வெள்ளைக்காரன், அவன் முகத்தில் கடன் இல்லாத சிரிப்பு. "1000 மீற்றர் இன்டர்கொம்" என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் ஆயிரம் மீற்றருக்கு அப்பால் இருப்பவனுக்கு ஒன்றைச் சொல்ல இன்டர்கொம் எதற்கு? கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை நாலுக்கும் ஒலிபெருக்கி உண்டு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி போடாதே என்று 2007 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. யார் காதிலும் விழவில்லை. ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள்.

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் வாட்டும் சும்மா. பெரும்பாலும் எல்லாமே 40 மில்லிமீற்றர் வட்டம்தான். அது காதுத் துளைக்கு நேரே இருக்க வேண்டும். ஒரு விரல் விலகினால் பாட்டு ஹெல்மெட்டுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. உடனே சத்தத்தைக் கூட்டுவீர்கள். காற்று உங்களுக்கு முன்பே கூட்டி வைத்திருக்கும். 60 கிலோமீற்றர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபல் அளவுக்கு வரும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். காது 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். இந்தக் காற்றுக்கு மேலேதான் நாம் ஸ்பீக்கரை ஏற்றுகிறோம். கடைப் பொடியன் இதையெல்லாம் சொல்லவில்லை. "பேஸ் எப்பிடி அண்ணே?" என்றான். அவனைக் கோபித்து என்ன செய்ய? அவனுக்கும் மாதக் கடைசியில் டார்கெட்.

ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். பாட்டுக் கேட்கவா? பாட்டுக் கேட்க எனக்குத் தனியார் பஸ் இருக்கிறது. காலையில் பாண்காரரின் திரீவீலர் பீத்தோவனையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது.

என் காது என்னுடையதாக இருந்து பல வருடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திறக்க 2025 ஆயிற்று. இடையில் பழைய பைக் தங்க விலை. அந்தத் தங்கத்தை லீசிங்கில் எடுத்தவன் நான். 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது. பைக்குக்கு வாரம் 4 லீற்றர். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு லீற்றருக்கு நாள் முழுக்க வரிசையில் நின்ற ஊர் இது. பைக் நின்றது. தவணை நிற்கவில்லை. அப்போது தொடங்கிய போன்.

லீசிங்காரர் பத்து மணிக்கு. "ஐயா, இண்டைக்காவது கட்டுவீங்களா?" மேனேஜர் பத்தரைக்கு. "எங்க நிக்கிறீங்க?" பதினொன்றுக்குச் சாமான் ஓடர் பண்ணினவர். "எங்க நிக்கிறீங்க?" பிறகு மீண்டும் மேனேஜர், "ஏன் போன் எடுக்கல்ல?" ஓடிக்கொண்டிருப்பவனைப் பார்த்து எங்கே நிற்கிறாய் என்று கேட்கிற ஒரு தேசம். மூன்று முறை எடுக்காவிட்டால் அடுத்த மாதக் கொமிஷனில் தெரியும். எடுத்தால் அடுத்த வளைவில் தெரியும்.

ஹெட்செட் வருவதற்கு முன்பு எங்களிடம் ஒரு தேசியக் கண்டுபிடிப்பு இருந்தது. போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையே செருகி விடுவது. கைகள் இரண்டும் ஹேண்டிலில். சட்டம் கையைத்தானே பார்க்கிறது? கொழும்பிலிருந்து திருகோணமலை வரைக்கும், தலையை ஒரு பக்கம் சரித்து, கழுத்துச் சுளுக்கிய கொக்கு மாதிரிப் போகிற ஓர் இனத்தையே நாம் வளர்த்தோம். நாடியில் பட்டி கொழுவுவதில்லை. கொழுவினால் போன் செருக முடியாதே.

சந்தியில் நிற்கும் காக்கிச் சட்டைக்கும் அது போதும். தலையில் ஏதோ ஒன்று உருண்டையாக இருக்கிறதா? போகலாம். பட்டி கொழுவியிருக்கிறதா, பின்னால் எஸ்எல்எஸ் 517 முத்திரை இருக்கிறதா, உள்ளே ரெஜிபோம் இருக்கிறதா, இல்லை வடைக் குழியா என்று பார்ப்பவர் இல்லை. அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் போட்டாலும் சட்டம் தலைவணங்கி வழிவிடும்.

ஆனால் இந்த அரசுக்கு ஹெல்மெட்டில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பெரிய அக்கறை. எங்கள் முகம் தெரிய வேண்டும் என்ற அக்கறை.

போர்க்காலத்தில் சென்றிக்கு நூறு யார் முன்பே ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி, ஹேண்டிலில் கொழுவி, இறங்கி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். கழற்றிக் கழற்றிப் போட்டே பழகிய தலைமுறை என்னுடையது. ஹெல்மெட் அணிவது எங்களுக்குப் பாதுகாப்பு. கழற்றுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. எது முந்தியது என்று துவக்கு வைத்திருந்தவரிடம் யார் கேட்பது?

2015 இல் நாடு முழுவதற்கும் அந்த யோகம் வந்தது. முழு முகத்தை மூடும் ஹெல்மெட்டுக்குத் தடை என்று பொலிஸ் அறிவித்தது. கொள்ளைக்காரர் அதைப் போடுகிறார்களாம். கொள்ளைக்காரர் காற்சட்டையும்தான் போடுகிறார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டிருக்காவிட்டால், நாடியையும் பல்லையும் வீதிக்கு நேர்ந்துவிட்டு ஓடியிருப்போம். அதே 2015 இல் பிரான்ஸிலும் பைக்காரருக்கு ஒரு சட்டம் வந்தது. காதுக்குள் செருகும் இயர்போன் கூடாது, ஹெல்மெட்டோடு சேர்ந்த ஸ்பீக்கர் என்றால் பரவாயில்லை என்றார்கள். அங்கே ஓட்டுபவனுக்கு ஹோர்ன் கேட்குமா என்று கவலைப்பட்டார்கள். இங்கே ஓட்டுபவன் யார் என்று கவலைப்பட்டோம்.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, அவசரகால விதியில் முகத்தை மூடத் தடை வந்தது. முழு முகம் என்றால் என்ன என்று வரைவிலக்கணமும் கொடுத்தார்கள். காதுகளும் அதில் அடங்கும். அது யாரை நினைத்து எழுதப்பட்டது என்பது கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அவளை வீட்டுக்குள் இருத்திவிட்டு நாட்டைக் காப்பாற்றினார்கள். குண்டு வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்தபோது அதே அரசுக்குக் காது இருக்கவில்லை. பிறகு வர்த்தமானியில் நம் காதைத் தேடியது.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா'. பஸ்ஸிலும் திரீவீலரிலும் ஒட்டியிருந்த அலங்காரங்களைக் கழற்றுங்கள் என்று பொலிஸ் இறங்கியது. பூமாலை, மின்மினி விளக்கு, கண்ணாடிக்கு முன்னால் ஆடும் பொம்மை எல்லாம் விபத்துக்குக் காரணமாம். சாரதிகள் சத்தம் போட்டதும் மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். இந்த நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதியில் சாகிறார்கள். பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். ஹெல்மெட் போட்டால் சாவு 42 வீதமும் தலைக்காயம் 69 வீதமும் குறையும் என்று 2008 இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு எழுதி வைத்திருக்கிறது. நாம் பொம்மையைப் பிடுங்கினோம்.

இனி மான் கதைக்கு வருகிறேன்.

திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே மான்கள் டவுனுக்குள் திரியும். கோட்டையடியில் தொடங்கிக் கடைத்தெரு வரைக்கும் வந்து, பொலித்தீன் பையைத் தின்றுவிட்டு வீதி கடக்கும். மான் ஹோர்ன் அடிக்காது. சிக்னல் போடாது. காதைத் திறந்து வைத்திருப்பவனுக்குப் பற்றைக்குள் ஒரு சரசரப்புக் கேட்கும். எனக்கு ஹெட்செட் பூட்டிய மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு, கேட்டது வேறு. சீனத்து உச்சரிப்பில் ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ அறிவித்தாள். அடுத்து, "ஐயா, மூண்டாவது தவணையும் பிந்தியிருக்கு..."

நான் பதில் யோசித்தேன். மான் யோசிக்கவில்லை.

விழுந்தது வலது பக்கமாக. முழங்கை, முழங்கால், கண்ணாடி. தலை பெரிதாக அடிபடவில்லை. வீதியோரத்துப் புல் காப்பாற்றியது, ஹெல்மெட் இல்லை. மான் எழும்பி, என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. நான் தரையில் கிடந்தபடி கேட்டேன். என் காதுக்குள் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "ஹலோ, ஐயா, லைன்ல இருக்கிறீங்களா? சத்தம் தெளிவா இல்ல."

8,000 ரூபா சாமான். சத்தம் தெளிவாகத்தான் இருந்தது.

இப்போது வேறு ஹெல்மெட். முத்திரை பார்த்து, பட்டி பார்த்து, யாரையும் உள்ளே சுரண்ட விடாமல் வாங்கினேன். அதற்காக ஒரு தவணை பிந்தியது. ஓடும்போது போன் எடுப்பதில்லை. பழைய ஹெல்மெட் கொல்லையில் கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கோழி அதற்குள் அடை கிடக்கிறது. வடைக் குழி அதற்கு நல்ல வசதி.

போன் எடுக்காததால், போன சனிக்கிழமை லீசிங்காரர் நேரிலேயே வந்தார். கேற்றடியில் பைக்கை நிறுத்தினார். முழு முக ஹெல்மெட். கழற்றவில்லை. பக்கத்தில் நீலப் பொட்டாக ஒரு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. "ஐயா, கடைசியாச் சொல்லுறன்..." என்று விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. முதுகு நிமிர்ந்தது. குரல் குழைந்தது.

"ஓம் சேர். இந்தா, அவற்ற வீட்டடியிலதான் நிக்கிறன் சேர். இல்ல சேர், ஓட்டத்தில கேக்கல்ல சேர். சொறி சேர்."