மஞ்சள் விளக்கு தொடர்பான விண்ணப்பம்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கும் விவரத்தை, அந்த வண்டிக்குப் பணம் கட்டியவருக்கும் தெரிவிக்க ஆவன செய்யக் கோருதல்.

ஐயா,

வாகனங்களுக்குத் தாங்கள் கொண்டுவரும் பெரிய மாற்றங்களெல்லாம் ஏப்ரல் 1ஆம் தேதியில்தான் பிறக்கின்றன. 2017 ஏப்ரல் 1இல் நாடு முழுக்க பி.எஸ். 4 புகைக் கட்டுப்பாட்டு விதி, 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6, 2023 ஏப்ரல் 1இல் அதன் இரண்டாம் கட்டம். மற்ற ஊர்க்காரர்கள் இந்தத் தேதியைப் பார்த்துச் சிரிக்கலாம்; திருத்தணிக்காரர்கள் சிரிக்க முடியாது. சித்தூர் மாவட்டத்தோடு கிடந்த இந்த ஊர், ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்தில் சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1இல்தான். அந்தத் தேதியில் தில்லியிலிருந்து எது வந்தாலும் நம்பி வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படி வாங்கிக்கொண்டதில், எங்கள் வண்டிகளின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. விண்ணப்பம் அதைப் பற்றியது.

விளக்கின் மீது குறை சொல்ல வரவில்லை. அதன் பின்னால் இருக்கும் ஓ.பி.டி. என்ற ஏற்பாடு அருமையானது. ஈ.சி.யு. என்கிற கணினி, எஞ்சினைச் சுற்றியுள்ள சென்சார்களை ஓயாமல் கவனிக்கிறது. ஏதாவது ஒன்று வரம்பு மீறினால் அதை ஐந்து எழுத்துக் குறியீடாகக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக இருப்பதை நீங்கள் இங்கே பைக் வரைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் விளக்கு எரிந்ததும் வண்டிக்காரர் கையேட்டைப் புரட்டினால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும் என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது. ‘ஒரு குறை இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன குறை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளும் குறிசொல்லியைப் போல இருக்கிறது இது. குறிசொல்லிக்காவது தட்சணையை முன்கூட்டியே கேட்கும் நேர்மை உண்டு.

இதில் டர்போ வண்டிகளின் பாடு தனி. இந்த ஊரில் இவ்வளவு டர்போ வண்டி எப்படி வந்தது என்பதற்கும் அரசாங்கம்தான் காரணம். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் எஞ்சின் என்றிருந்தால் வரி குறைவு என்று விதி வைத்தீர்கள். கம்பெனிகள் எஞ்சினைச் சுருக்கி, சுருக்கியதால் போன சக்தியை டர்போ வைத்து மீட்டன. பனிமலை நாடுகளில் ஸ்னோமொபைலுக்கு டர்போ வைக்கிறார்கள் என்றால், உயரத்தில் காற்று மெலிந்துவிடுகிறது, அதை அமுக்கித்தான் எஞ்சினுக்கு ஊட்ட வேண்டும் என்ற இயற்கைக் காரணம் இருக்கிறது. இங்கே நமக்கு வருமான வரம்பு மாதிரி ஒரு சி.சி. வரம்பு. காரணம் எதுவானாலும் கோளாறு ஒன்றேதான்: பனியில் ஓடுகிற டர்போவும் தணிகை மலைப்பாதையில் ஏறுகிற டர்போவும் திணறும்போது ஒரே மாதிரிதான் திணறுகின்றன.

அந்தத் திணறலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு வண்டி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறுகிறது. பாரம் கூடக் கூட டர்போ காற்றை அமுக்கி இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குத் தள்ளுகிறது. இடையில் உள்ள ரப்பர் ஹோஸில், கிளாம்ப் கடிக்கிற இடத்தில், நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு. அழுத்தம் ஏறும்போது அந்த வெடிப்பு வாய் திறக்கிறது. காற்று புஸ்ஸென்று வெளியே போகிறது. அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், தான் பார்த்ததை உள்ளபடி சொல்கிறது: எதிர்பார்த்ததைவிடக் குறைவு. காற்று நுழையும் வாயிலிலேயே அளவெடுக்கும் வேறு வகை சென்சார் உள்ள வண்டியாக இருந்தால், உள்ளே வந்த காற்றைக் கணக்கில் சேர்த்துவிட்டு, வழியில் போனது தெரியாமல் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிவிடும். வண்டி ஜெர்க் அடிக்கிறது, பிக்கப் போகிறது, சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குள் போய் ஊர்கிறது, விளக்கு எரிகிறது. இறங்கி வந்து ஷெட்டில் நிறுத்தினால் தங்கமாக ஓடுகிறது; நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பாரம் இல்லை, அழுத்தம் இல்லை, வெடிப்பும் வாயை மூடிக்கொள்கிறது. ஸ்கேனரில் பி0299 என்று வரும். டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் சொல்லப்படும் வாசகம் எல்லா ஊருக்கும் பொது: “சென்சார் போச்சு சார்.” ஆயிரக்கணக்கான ரூபாய் செலவில் மேப் சென்சார் மாறுகிறது. பழைய சென்சார் பொய் சொல்லவில்லையே, புதியதும் அதையேதான் சொல்கிறது. அடுத்து டர்போவே சந்தேகத்துக்குள்ளாகிறது. ஹோஸின் மூட்டில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், குழாய்க்குள் புகை விட்டு எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதும் இதற்கெல்லாம் முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலைகள்.

இதைவிட மோசமானது ஐந்து வோல்ட் விவகாரம். பல வண்டிகளில் மூன்று நான்கு சென்சார்களுக்கு ஈ.சி.யு.விலிருந்து ஒரே 5 வோல்ட் இணைப்புதான் போகிறது. அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, எலி கடித்த ஒயர் பாடியில் பட்டாலோ, அந்த இணைப்பிலிருக்கும் எல்லாருக்கும் மின்சாரம் படுத்துவிடும். ஸ்கேனரில் மூன்று சென்சார்களின் பெயர் வரிசையாக வரும். அவற்றில் இரண்டாவது நல்ல நிலையில் இருக்கும்; ஒயர்தான் ஷார்ட் என்றால் மூன்றுமே நல்லவைதான். மூன்றையும் மாற்றிவிட்டு, வண்டியையே விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. மல்டிமீட்டரை அந்த ஒயரில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுவே குற்றவாளி; எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் குற்றவாளி ஒயர். கால் மணி நேர வேலை. ஆனால் எந்தெந்த சென்சார் எந்த இணைப்பில் இருக்கிறது என்ற ஒயரிங் படம் வேண்டும். அது கம்பெனியின் கணினியில், கம்பெனியின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: குறியீடு என்பது நோயின் பெயர் கிடையாது, எங்கே வலிக்கிறது என்ற தகவல் மட்டுமே. அதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கத் தேவையானவை ஒயரிங் படம், சரியான அளவுகள், சோதிக்கும் முறை ஆகியவை. விளக்கைக் கட்டாயமாக்கிய சட்டம் இவற்றையும் கட்டாயமாக்கியிருந்தால், நல்ல சென்சார்கள் இத்தனை குப்பைக்குப் போயிருக்காது.

தங்கள் தரப்பில் என்ன பதில் வரும் என்று ஊகிக்க முடிகிறது. சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறதே, வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வாங்கினால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடுகள் தெரியும். பி1 என்று தொடங்கும் கம்பெனியின் சொந்தக் குறியீடு வந்தால் அந்த ஸ்கேனர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பைக்குகளில் சாக்கெட்டே காரில் இருப்பது போல இருக்காது. தனி ஒயர் தேடிப் போக வேண்டும். எண்ணைப் படித்தவர் பெரும்பாலும் அடுத்துச் செய்வது ‘கோடு அழிப்பது’. விளக்கு அணைகிறது, வெடிப்பு அப்படியே இருக்கிறது.

இரண்டாவது பதில் கனமானது. விவரத்தைத் திறந்துவிட்டால் ஆளாளுக்கு ஈ.சி.யு.வில் கை வைப்பார்கள், ரீமேப் செய்து புகை கக்க விடுவார்கள் என்பது. இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் ஒயரிங் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. படிப்பதற்கு அனுமதி கொடுப்பது வேறு, எழுதுவதற்குக் கொடுப்பது வேறு. கம்பெனிகள் இரண்டையும் தனித்தனிப் பூட்டில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. அப்புறம், காற்றுத் தூய்மையில் அவ்வளவு அக்கறை என்றால், பெட்ரோல் வண்டியின் புகைப் பரிசோதனையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். சும்மா ஓடும் எஞ்சினின் சைலன்சரில் கம்பியைச் செருகி அளவெடுக்கிறார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சட்டப்படி வைத்த விளக்கு எரிய எரிய, சட்டப்படியான சான்றிதழ் அச்சாகி வருகிறது.

கம்பெனிகளின் தொழில் ரகசியம் என்ற மூன்றாவது பதிலை, நான் மறுப்பதற்கு முன்பே தங்கள் பக்கத்துக் கட்டடக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அதே உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின; ஷெட்டுகள் எங்கேயும் போகவில்லை, அதே இடத்தில் அதே மல்டிமீட்டரோடு நிற்கின்றன. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. கம்பெனி தானாக மனமுவந்து போட்டால் பார்க்கலாம். ஐரோப்பாவில் 2007ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையே பழுதுபார்ப்பு விவரங்களை வெளியாருக்கும் தரச் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012இல் மக்களே ஓட்டுப் போட்டு வாங்கினார்கள். அங்கெல்லாம் கார் கம்பெனி எதுவும் ரகசியம் போய்த் திவாலானதாகக் காணோம்.

கடைசிப் பதில், மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி போதாது என்பது. பாதி உண்மை. கார்புரேட்டரைக் காதால் கேட்டே ட்யூன் செய்த தலைமுறை, மேப் சென்சாரின் வோல்டேஜ் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஏட்டை வைத்துப் பயிற்சி கொடுப்பது? திருத்தணியின் ஷெட்டுகளுக்குச் சென்னை வண்டியும் வருகிறது, ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கத்து வண்டியும் வருகிறது. ஒரே ஆள் தமிழில் விசாரித்து, தெலுங்கில் விலை சொல்லி, ஆங்கிலத்தில் வரும் குறியீட்டைப் பார்த்து ஊகிக்கிறார். மூன்று மொழி பேசத் தெரிந்தவருக்கு ஒயரிங் படம் புரியாது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவருக்கு ஒன்றைக் காட்டியாவது பார்த்திருக்கலாம்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் குறியீடுகளின் பொருளை, விற்கிற மாநிலத்தின் மொழியில் அச்சிடச் சொல்லுங்கள். ஒயரிங் படத்தையும் சோதனை அளவுகளையும் நியாயமான கட்டணத்துக்கு யாரும் வாங்கலாம் என்று, விளக்குக்கு வைத்த அதே விதியிலேயே ஒரு பிரிவு சேருங்கள். சர்வீஸ் சென்டர் பில்லில் வந்த குறியீடு என்ன, சோதித்தபோது கிடைத்த அளவு என்ன, அதனால் மாற்றிய பாகம் என்ன என்று மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். பில்லில் இடமில்லை என்று கம்பெனிகள் சொல்லும். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று என்னவென்றே தெரியாத ஒரு வரி அதில் காலங்காலமாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தணிகை மலையடிவாரத்து வண்டிக்காரன்