சிவப்பு மை பட்ட சொல்

ராமநாதபுரத்தில் ஒன்பதாவது படித்த காலத்தில் ஆங்கிலக் கட்டுரை நோட்டில் 'நைஸ்' என்று எழுதினால், சார் சிவப்பு மையால் அடித்துவிடுவார். பாம்பன் பாலம் நைஸ், ராமநாதசுவாமி கோயில் பிரகாரம் நைஸ், தீபாவளிச் சட்டையும் நைஸ் என்றால் மூன்றும் ஒன்றாடா என்று கேட்பார். அன்றைய ரயில் பாலம் 1914இல் திறந்தது, கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும், காற்று பலத்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். இதில் ஏதாவது ஒன்றை எழுதக் கூடாதா என்பார்.

அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பது நான்-டீடெயில் சுருக்கங்களைத் தாண்டி முழு நாவல்களுக்குப் போன பிறகுதான் விளங்கியது. ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே'யில் கேதரின் என்ற பதினேழு வயதுப் பெண், தான் சொக்கிப்போன திகில் நாவல் ஒன்றை நைஸ் என்று புகழ்கிறாள். உடன் நடந்து வரும் ஹென்றி டில்னி விடுவதில்லை. நேர்த்தியையும் நுட்பத்தையும் குறித்த சொல் இப்போது எதை வேண்டுமானாலும் புகழக் கிளம்பிவிட்டதே என்று சீண்டுகிறான். அவன் தங்கைக்கு அது பிடிக்கவில்லை, அண்ணனைக் கடிந்துகொள்கிறாள். ஆஸ்டின் யார் பக்கம் என்று சொல்வதே இல்லை. அந்த நாவல் அவர் மறைந்த பிறகு, 1817 இறுதியில், 'பெர்சுவேஷன்' நாவலோடு சேர்ந்து நான்கு தொகுதிகளாக வந்தது. 'பெர்சுவேஷ'னில் ஒரு கனவான் இதே சொல்லைப் பழைய பொருளில், குற்றம் குறை பார்க்கிற கறார்த்தனத்துக்குச் சொல்கிறார். ஒரே சமயத்தில் வந்த இரண்டு நாவல்களில் ஒரே சொல்லுக்கு இரண்டு முகம். நல்ல நாவலாசிரியரிடம் ஒரு சாதாரண அடைமொழி கூட யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே எடை பெறுகிறது. அன்று முதல் கதையைவிட அடைமொழிகளைக் கவனித்துப் படிக்கத் தொடங்கினேன்.

ஆங்கிலேயர்கள் தொலைத்த அந்த நுட்பப் பொருள் எங்கள் வீட்டு அடுப்படியில் பத்திரமாக இருந்தது. மாவை நைஸா அரை என்று அம்மா சொன்னால் விரலிடையில் திப்பி தட்டுப்படக் கூடாது. வகுப்பில் அடிபட்ட சொல், ஆட்டுக்கல்லடியில் அளவுகோல்!

இப்போது அந்தச் சொல்லை அடிக்க யாருமில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு தனுஷ்கோடியில் வண்டி நிறுத்த இடமில்லை. போன ஆடியில் சென்னையிலிருந்து வந்த அக்கா மகனைக் கூட்டிப் போனேன். 1964 டிசம்பர் புயலில் ரயிலும் ஊரும் போன இடம். மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரைப் படமெடுத்து, குடும்பக் குழுவில் 'நைஸ்' என்று போட்டான். மனசு பொறுக்கவில்லை. பிள்ளை நல்லவன், அறிவாளி; கையிலிருக்கும் போனுக்குள் அகராதிகள் எத்தனையோ. ஆனால் அந்தச் சுவரில் பவளக்கல் இருக்கிறதே என்று கூட அவன் கை வைத்துப் பார்க்கவில்லை.

முனையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நாட்டுப்படகுக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். கடல் எப்படிண்ணே இருக்கு என்று அவன் கேட்டான்.

"எந்தக் கடல் தம்பி? இப்பக் கச்சான் காத்து. தெக்க ஆண்கடல் அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. வடக்க பெண்கடல் அசையாமக் கெடக்கு."

"எப்பவும் இப்படித்தானா?"

"அது எப்புடி? கார்த்திகையில வாங்க. வாடை தூக்கிருச்சுன்னா, இந்தப் பெண்கடல்ல வள்ளத்த எறக்கவே யோசிப்போம்."

மருமகன் அதை அப்படியே தட்டி, இரண்டு கடலும் தெரிகிற படத்தின் கீழே போட்டான். சுவர்ப் படத்துக்குக் கட்டைவிரலை மட்டும் காட்டியிருந்த அக்கா, உடனே போனில் கூப்பிட்டாள்: "மன்னார் வளைகுடா எந்தப் பக்கம்டா, ஆண்கடல் பக்கமா? தம்பிகிட்ட குடு, கேக்கணும்."