ஓ.டி. இல்லாதவர்கள்

1990களின் தொடக்கத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அப்போது இந்தப் பகுதி தர்மபுரி மாவட்டத்தோடு இருந்தது. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. சேர்ந்த மறுநாளே முதலாண்டு வகுப்பு. பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு என்றால் பி.எட். வேண்டும். கல்லூரிக்கு எம்.எஸ்சி.யும் எம்.ஃபில்.லும் போதும். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருமா என்று என்னிடம் யாருமே கேட்கவில்லை. நாடு முழுக்க அதுதான் வழக்கமாக இருந்தது.

அந்தக் குறையைப் போக்கத்தான் 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் பல்கலைக்கழகங்களில் ‘அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்’களைத் தொடங்கியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 4 வார ஓரியண்டேஷன். அனுபவம் உள்ளவர்களுக்கு அவரவர் பாடத்தில் 3 வார ரெஃப்ரெஷர். இரண்டையும் முடித்தால்தான் சீனியர் ஸ்கேல். ஊதிய உயர்வோடு கட்டிவைத்தால்தான் ஆசிரியர்கள் வருவார்கள் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்திருக்க வேண்டும். நினைத்தபடியே வந்தோம். ஆனால் பிற்காலத்தில் நேர்ந்தவற்றுக்கெல்லாம் வேர் அந்த முடிச்சில்தான் இருக்கிறது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கல்லூரியில் ஓ.டி. தந்தார்கள். அதாவது, வகுப்பில் இல்லாவிட்டாலும் பணியில் இருப்பதாகக் கணக்கு. சம்பளம் பிடிக்க மாட்டார்கள். நாளுக்கு 6 மணி நேரம், மொத்தம் 144 மணி நேரம். சமூகமும் சுற்றுச்சூழலும், கல்வித் தத்துவமும் கற்பித்தலும், புதிய அறிவைத் தேடும் வழிகள், நிர்வாகமும் ஆளுமையும் என்று பாடத்திட்டத்துக்கு நான்கு பகுதிகள். உரைகளில் பல நினைவில் இல்லை. மைக்ரோ டீச்சிங் மட்டும் மறக்கவில்லை. ஒருவர் பத்து நிமிடம் பாடம் நடத்துவார். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, எந்த இடத்தில் புரிந்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று ஒளிக்காமல் சொல்வார்கள். வரலாறு, விலங்கியல், வணிகவியல், தமிழ் என்று எல்லாத் துறைக்காரர்களும் கலந்திருந்ததால், என் பாடத்தை அறியாதவர்களுக்கு அதைப் புரியவைக்க வேண்டியிருந்தது. என் மாணவர்களும் அறியாதவர்கள்தானே?

தென் மாவட்டத்திலிருந்து வந்திருந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர், கால் மணிக்கு ஒரு தடவை பேச்சை நிறுத்தி, “இப்ப சொன்னதைப் பக்கத்துல இருக்கிறவருக்கு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்பார். இரண்டு நிமிடம் கொடுப்பார். ஊர் திரும்பியதும் குவிலென்ஸ் பாடத்தில் அதைச் செய்துபார்த்தேன். வகுப்பில் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே நேரத்தில் எழுந்தன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது தமிழ் இல்லை. அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்காமல் இருந்த பையன் ஒருவன், குவியத்தூரம் என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்தவனுக்குத் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தான், கையால் கதிர்களை வரைந்து காட்டியபடி. அவனுக்குப் பாடம் தெரியாது என்றல்லவா எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்! அந்த இரண்டு நிமிடத்தை ஓய்வு பெறும் நாள்வரை நான் கைவிடவில்லை.

இந்தப் பயிற்சிகளுக்கு ஓசூர்க்காரர்கள் சிலர் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுவார்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். காலையில் அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையை விட அதுதான் பக்கம். மாநில எல்லை பயிற்சிக்குத் தடையாக இருந்ததில்லை. நாட்டின் எந்த மையத்துக்கும் போகலாம்.

எல்லாமே அன்று நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வேதியியல் துறையில் ஒரு மேடம் இருந்தார். என்னை விட நன்றாகப் பாடம் நடத்துவார். கைக்குழந்தையை விட்டுவிட்டு நான்கு வாரம் வெளியூரில் தங்க முடியாததால் ஆண்டுதோறும் தள்ளிப்போட்டார். பதவி உயர்வும் கூடவே தள்ளிப்போனது. நாங்கள் ஊரில் இல்லாத வாரங்களில் எங்கள் வகுப்புகளை எடுக்கவும் ஆள் கிடையாது. கற்பிக்கக் கற்றுக்கொள்ளப் போனோம், மாணவர்கள் பாடமில்லாமல் இருந்தார்கள். அதற்கு யாரும் வழி செய்யவில்லை.

அதே காலத்தில் தொழிற்சாலைகளில் பயிற்சி வேறு மாதிரி நடந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை இருந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக ஓசூருக்கு வந்திருந்தன. டைட்டன் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, கைக்கடிகார நுணுக்கத்தை முதலிலிருந்து பழக்கியது. ஊரை விட்டு வந்த அந்தப் பிள்ளைகளைப் பெற்றோர் இடத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தது. அப்ரென்டிஸ் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. பழகும் காலத்துக்கு உதவித்தொகை தந்தே ஆக வேண்டும் என்கிறது அது. பழகுவதும் வேலைதான், அந்த நேரத்துக்கும் காசு உண்டு என்பதைத் தொழிற்சாலைகள் அன்றே ஒப்புக்கொண்டிருந்தன.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. பயிற்சியைத் தேடி யாரும் ஊர் விட்டுப் போக வேண்டியதில்லை. ஸ்டாஃப் காலேஜ்கள் 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2018இல் ‘ஸ்வயம்’ இணையத்தளம் வழியே ‘அர்பித்’ என்ற இணையவழி ரெஃப்ரெஷர் வந்தது. கொரோனாக் காலம் எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுபோனது. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. அப்போது 111 மையங்கள், 8 கருப்பொருள்கள். அந்த வேதியியல் மேடம் இன்று பணியில் இருந்திருந்தால் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடித்திருப்பார். அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் இந்த வசதி யாருக்காக வந்தது? என் பழைய மாணவி ஒருவர் இப்போது இதே மாவட்டத்தில் கௌரவ விரிவுரையாளர். அவருடைய துறையில் பாதிக்கு மேற்பட்ட வகுப்புகளை அவரைப் போன்றவர்களே எடுக்கிறார்கள். தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதம் கிடையாது. சென்ற ஆண்டு அவரைப் பார்க்கப் போனபோது, இரண்டு வகுப்புகளுக்கு இடையில் கைபேசியை மேசைமேல் நிறுத்தி வைத்து ஆசிரியர் மேம்பாட்டுக்கான இணையவழி எஃப்.டி.பி. ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். உரை அவர் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, ஓ.டி. போட்டுட்டு நிம்மதியா உட்கார்ந்து கேட்கக் கூடாதா?” என்றேன்.

“எங்களுக்கு ஏது சார் ஓ.டி.? நான் போகலைன்னா அந்த ஹவருக்கு ஆளே இல்லை. இதுல புரமோஷனும் கிடையாது. பசங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரிஞ்சா போதும்னுதான் கேட்கிறேன்.”

தற்காலிக ஆசிரியர்களும் சேரலாம் என்று விதியில் இடம் உண்டு. அந்த நாட்களுக்கு யார் சம்பளம் தருவது, வகுப்பை யார் பார்ப்பது என்பதற்கு விடை இல்லை. பயிற்சியைப் பதவி உயர்வோடு கட்டிய அன்றே, பதவி உயர்வு இல்லாதவருக்குப் பயிற்சி தேவையில்லை என்ற கருத்தும் கூடவே வந்துவிட்டது. இன்று வகுப்பறையில் அதிக நேரம் நிற்பவர் அவர்தான். அவருக்கோ சான்றிதழ் மட்டும்தான் மிச்சம். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ மதிப்பீட்டின்போது, எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற கணக்குக்கு அந்தச் சான்றிதழைக் கல்லூரி கேட்டு வாங்கிக்கொள்கிறது.

என் பழைய மாணவியின் வகுப்பில் படிக்கும் பெண்களில் பலர், போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலைக்கோ ஓசூர் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸுக்கோ போகலாம் என்று நினைப்பவர்கள். 2022இல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அந்த மாணவிகளுக்கு வேலைத்திறன் பாடங்கள் உண்டு. அதை வரவேற்கிறேன். நாளை அங்கே அப்ரென்டிஸாகச் சேர்ந்தால், பழகும் நாளுக்கும் அவர்களுக்குக் காசு உண்டு. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியைக்குச் சம்பளத்தோடு பழக அப்படி ஒரு நாள்கூட இல்லை.

பயிற்சி என்றால் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரும் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அன்று இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து வருவார். கோப்பு எழுதுவது, விதிகள், ஊதியப் பட்டியல் எல்லாம் அங்கே பழகிவிடும். பல ஆண்டுகளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. இன்று ‘புதுமைப்பெண்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தின் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டுமானால், அவளுடைய விவரம் ‘யுமிஸ்’ என்ற மாணவர் விவர இணையத்தளத்தில் சரியாக ஏற வேண்டும். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டாலும் சிக்கல்தான். எனக்குத் தெரிந்த உதவியாளர் ஒருவர் இதையெல்லாம் வேறொரு கல்லூரி உதவியாளரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். மாணவி படிப்பை நிறுத்தாமல் இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

பயிற்சியை வேறு விதமாகவும் நடத்தலாம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்றலுக்கும் கற்பித்தலுக்கும் தனி மையம் வைத்தது. அங்கே பருவத்தின் நடுவில் ஒருவர் வகுப்புக்கு வந்து கவனிப்பார். பிறகு ஆசிரியர் வெளியே போய்விட, எது உதவுகிறது, எது உதவவில்லை என்று மாணவர்களிடம் கேட்டு ஆசிரியருக்குச் சொல்வார். பாடம் நடக்கும் இடத்திலேயே பயிற்சி. எங்கள் மைக்ரோ டீச்சிங்கும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. திரைக்கு மாறியபோது முதலில் உதிர்ந்துபோனது அந்தப் பகுதிதான்.

கௌரவ விரிவுரையாளருக்குச் சம்பளம் இல்லாத அந்த மே மாதத்தைப் பயிற்சி மாதமாக்கலாம் என்பது என் கருத்து. பன்னிரண்டாவது மாத ஊதியத்தைக் கொடுத்து, இரண்டு வாரம் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் வைத்து நடத்தலாம். மே மாதம் என்பதால் எந்த வகுப்பும் பாழாகாது. வேறு வேறு துறைக்காரர்கள் கலந்து உட்காரட்டும். தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவியல் சொல்வது எப்படி என்பதை முதல் பாடமாக வைக்கட்டும். எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சியிலும் அது இருந்ததில்லை. மூன்று நாள் அலுவலகத்துக்காரர்களுக்கும் ஒதுக்கி, ‘யுமிஸ்’ திரையைத் திறந்து வைத்தே சொல்லித்தரலாம். சொல்லிக்கொடுக்க என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.