மங்களத்தில் தொடங்கிய கச்சேரி

கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளையும் புடவைக்கடைகளையும் கடந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் வருகிற பழஞ்சாமான் கடையில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி இசைத்தட்டு ஒன்று என் கைக்கு வந்துசேர்ந்த விருத்தாந்தத்தை விஸ்தாரமாக எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். பேரமும், பிடிவாதமும், ஒரு சீனக் கிழவரும், நடுப்பகல் மழையும் கலந்த கதை அது. சங்கீதப் பித்துப் பிடித்தவர்களுக்கு அதில் பிரயோஜனமும் உண்டு. ஆனால், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கூடத்தில் நடந்த அநியாயத்தால் உண்டான வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காதபடியால், முதலில் அந்தப் பாரத்தை உங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் பிறகு தோடிக்கு வருகிறேன்.

அன்று கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு நண்பர் ஒருவர் வந்திருந்தார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மதுரை மணி ஐயரின் ஸ்வரப் பிரஸ்தாரம் காதில் விழுந்துவிட்டால் கையிலிருக்கும் காப்பி ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காத உத்தம ரசிகர். அவரைக் கௌரவிக்கும் பொருட்டு, என் மருமகன் வாங்கிவைத்துவிட்டுப் போன உருண்டை ஒலிபெருக்கியில், மணி ஐயருடைய பழைய கச்சேரி ஒன்றைக் கைப்பேசி வழியாகப் போட்டேன். எந்த நிறுவனத்தின் சேவை என்று கேட்காதீர்கள். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். வாடகைப் பாட்டுக்கு மாதாமாதம் வெள்ளி கட்டுவதில்லை என்பது என் வைராக்கியமாதலால், இலவசமாகக் கிடைப்பதை மட்டும் கேட்டு வருகிறேன். அந்த இலவசக்காரனுக்கு வைத்திருக்கும் தண்டனைதான், பாட்டுகளைச் சீட்டுக்கட்டைப்போல் கலைத்துப்போடும் ஷஃபிள்.

முதலில் வந்தது மங்களம்.

நண்பர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். மங்களத்துக்குரிய சௌராஷ்டிர ராகம் காதில் விழுந்தவுடன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு விட்ட இடத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது அவருக்குச் சிறு பிராயம் முதல் ஊறிப்போன பழக்கம். "என்ன ஐயா, வந்தவுடனே அனுப்பிவைக்கிறீர்கள்?" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைப்பதற்குள் மங்களம் முடிந்து, முன்னும் பின்னும் பாட்டில்லாத தனி ஆவர்த்தனம் ஒன்று தலையில்லாத முண்டமாக வந்து மிருதங்கத்தை முழக்கிற்று. அதையடுத்து, ராகத்தைக் காணாத தானம். தானத்துக்குப் பிறகு, மாதச் சந்தா கட்டினால் இடையூறின்றிக் கேட்கலாம் என்று ஒரு பெண்மணியின் உபதேசம். பல்லவி வரும் என்று நாங்கள் இருவரும் தொடையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, எவனோ ஒருவன் எவளையோ பார்த்து இடுப்பை ஆட்டச் சொல்லும் சினிமாப் பாட்டு வந்தது. பல்லவி அன்று வரவே இல்லை.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்ற மகானுபாவர், வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனங்களால் சபையைச் சூடேற்றி, பிரதான ராகத்தையும் பல்லவியையும் நடுவில் நிறுத்தி, துக்கடாக்களால் களைப்பாற்றி மங்களத்தில் நிறைவு செய்யும் ஒரு கிரமத்தை ஏற்படுத்தி வைத்தார். இன்றுவரை மேடையேறும் வித்வான்கள் அனேகமாக அந்த வழியில்தான் போகிறார்கள். 2021 நவம்பரில் அடேல் என்ற ஆங்கிலப் பாடகி, தன் ஆல்பத்தின் பாட்டுகளைத் தான் காரணத்தோடுதான் வரிசைப்படுத்தியிருப்பதாக எடுத்துச் சொல்ல, ஸ்பாட்டிஃபை நிறுவனத்தார் ஆல்பங்களின் பக்கத்தில் முன்னால் நின்றிருந்த ஷஃபிள் பொத்தானைச் சந்தாதாரர்கள் மட்டிலாவது பின்னுக்குத் தள்ளினார்களாம். அரியக்குடியாருக்காகப் பரிந்து பேச அங்கே யார் போனார்கள்?

சற்றே யோசித்துப் பாருங்கள். இந்த ஷஃபிள் தர்மம் சபைகளுக்கும் பரவிவிட்டால் நம்முடைய கதி என்ன? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து காப்பி குடிக்கப் போவது சங்கீத உலகத்தில் சாஸ்திரத்துக்குச் சமானமான சம்பிரதாயம். மிருதங்க வித்வானுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். இதில் யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. ஆனால், தனி ஆவர்த்தனம் கச்சேரியின் மூன்றாவது உருப்படியாக வந்துவிட்டால், அடுப்பில் வெந்நீர்கூடக் கொதித்திராதே, காப்பிக்காரர் என்ன செய்வார்? வடை மாவு அரைபட்டுக்கொண்டிருக்கும். வித்வான் கோர்வையை முடித்துக்கொண்டிருப்பார். வெளியே போனவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பி வந்தால் அங்கே துக்கடா நடந்துகொண்டிருக்கும். துக்கடா என்றால் கச்சேரி முடியும் தறுவாய் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் உள்ளே வர்ணம் ஆரம்பமாகும். வர்ணத்தைக் கேட்டதும், இப்போதுதான் தொடங்குகிறார்கள் போலும் என்று எண்ணி, வழக்கமாகத் தாமதித்து வருகிறவர்கள் பெருமையோடு முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் திரை விழும். மங்களத்துக்கு முன்னால் புறப்பட்டுவிடுவதையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்களோ, மங்களம் முதலில் வருகிற தினத்தில் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டியிருக்கும். பல்லவிக்கு முன்னால் நிரவல் வந்துவிட்டால் எந்த வரியை நிரப்புவது என்று தெரியாமல் வயலின்காரர் தவிப்பார். தம்புரா போடுகிற பெண்மணி ஒருத்திதான் எது முன்னால் வந்தாலும் எது பின்னால் வந்தாலும் மாறுதல் இல்லாமல் மீட்டிக்கொண்டிருப்பாள்.

இவ்வளவும் சொன்னபோது நண்பர் நிதானமாக ஒரு விஷயத்தை நினைவூட்டினார். நம் ஊர்க் கச்சேரிகளில் ஷஃபிள் என்றோ வந்துவிட்டதாம். டத்தோ ஒருவர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து சேர, கல்யாணி ஆலாபனையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, அவருக்கு மாலை, அவருடைய துணைவியாருக்குப் பொன்னாடை, அவர் பங்குக்கு இருபது நிமிஷப் பேச்சு, பேச்சுக்கு ஒரு நன்றியுரை என்றெல்லாம் நடத்தி, டத்தோ உடனே புறப்பட்டும் போய்விட, அறுந்த இடத்திலிருந்து கல்யாணியை எடுத்து ஒட்டுவதற்கு வித்வான் படும் பாட்டை நாம் பார்த்ததில்லையா என்று கேட்டார். என்னால் மறுக்க முடியவில்லை. ஆயினும் டத்தோ வரும் கச்சேரிக்கு அழைப்பிதழில் எச்சரிக்கை இருக்கும். இந்த இயந்திர ஷஃபிளுக்கு அதுவும் கிடையாது.

தோடியை நான் மறந்துவிடவில்லை. அந்த இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பத்தங்குல அரக்குத் தட்டு. பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக வரும். ஊர்வலத்தில் இரவு முழுவதும் தோடி வாசிக்கக்கூடியவரை மூன்று நிமிஷத்தில் அடைத்தார்களே என்று அந்தக் காலத்தில் குறைபட்டுக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு இன்றைய கணக்கைச் சொல்ல வேண்டும்: முப்பது வினாடி கேட்டுவிட்டால் ஸ்பாட்டிஃபையில் அது ஒரு முழு வாசிப்பாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. முப்பது வினாடிக்குள் ராஜரத்தினம் பிள்ளை சீவாளியை ஈரப்படுத்தி முடித்திருக்கக்கூட மாட்டார்.

அந்த முப்பது வினாடியைத் தாண்டுகிற பொறுமையாவது நமக்கு இருக்கிறதா என்றால், அதுவும் சந்தேகம்தான். ஒரு பாட்டின் முதல் வரி காதில் விழுந்ததும், "ஆகா, இது!" என்று பரவசப்பட்டு, இருதயச் சின்னத்தை அழுத்தி, பட்டியலில் சேர்த்துவிட்டு, அடுத்த பாட்டுக்குத் தாவுகிறோம். 'மழைக்காலம்', 'கொமுட்டர் பயணம்', 'பி.பி. ஸ்ரீனிவாஸ் மட்டும்', 'பிறகு கேட்க', 'பிறகு கேட்க புதியது' என்று பட்டியல்கள் பெருகுகின்றன, கேட்பதுதான் இல்லை. உங்கள் கைப்பேசியிலும் 'பிறகு கேட்க' ஒன்று இருக்கும். அதைத் திறந்து பார்த்துச் சங்கடப்பட வேண்டாம், மேலே படியுங்கள்.

ஒலிநாடாக் காலத்தில் பட்டியல் போடுவது இப்படி விளையாட்டுக் காரியமாக இருந்ததில்லை. ஒலிநாடாவைச் சுற்றிய பென்சிலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைப் பற்றி எழுதாதவர்கள் யாரும் பாக்கியில்லை. நான் சொல்ல வந்தது, பாட்டுப் பதிவுசெய்து கொடுத்த கடைக்காரரைப் பற்றி. ஜாலான் துன் சம்பந்தனில் தோரணவாயில்களும் நீரூற்றும் வந்து, 2010இல் இரண்டு பிரதமர்கள் கூடி லிட்டில் இந்தியா என்று திறந்துவைப்பதற்கு வெகுகாலம் முன்பு, அந்தப் பக்கத்தில் ஒரு குறுகலான கடையில் அவர் உட்கார்ந்திருப்பார். கோடு போட்ட தாளில் பாட்டின் முதலடி, படம், பாடியவர் என்று மூன்று பத்தியாக எழுதிக்கொண்டுபோய் நீட்டினால், சோதனைத் தாள் திருத்துகிறவரைப் போல, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துச் சிலவற்றை அடிப்பார். "சோகப் பாட்டு அஞ்சு வரிசையா வேண்டாம் ஐயா, வீட்டுல யாராவது கோவிச்சுக்குவாங்க" என்பார். தொண்ணூறு நிமிஷ நாடாவில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். எத்தனை கூட்டிக் கழித்தாலும், கடைசிப் பாட்டின் கடைசிச் சரணம் பாதியில் நறுக்கென்று அறுந்துபோகும். இன்றைக்கும் சுசீலா பாடிய சில பாட்டுகளில், அந்த நாடா அறுந்த இடம் வரும்போது என் மனசு தானாக நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் அந்த அம்மாள் பாடிக்கொண்டே போவதுதான் எனக்கு ஆச்சரியம். கடைக்காரர் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார். பத்து நாள் ஆகும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பாட்டைச் சிபாரிசு செய்துகொண்ட காலம் அது. இப்போதைய இயந்திரமோ, விடியற்காலையில் எம்.எஸ். அவர்களின் சுப்ரபாதத்தைக் கேட்டவனுக்கு, அடுத்தபடியாக, நன்றாகத் தூக்கம் வருவதற்கென்று மழைச் சத்தத்தைச் சிபாரிசு செய்கிறது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அதை மரியாதைப்பட்ட மனிதர்கள் வெளியில் சொல்வதில்லை. இசைத்தட்டுச் சேகரிக்கிறவன் எதற்காகச் சேகரிக்கிறான்? கேட்பதற்கு என்று சொல்வான், நம்பாதீர்கள். மற்றவர்கள் வந்து இரவல் கேட்பதற்காகவும், கேட்கிறபோது தரமாட்டேன் என்று சொல்வதற்காகவுமே சேகரிக்கிறான். "பஞ்சு அண்ணே, ரெண்டு நாள்ல திருப்பிக் கொடுத்துடறேன்" என்று கெஞ்சுகிறவருக்கு, அலமாரிச் சாவியை இடுப்பில் தடவிப் பார்த்துக்கொண்டு, முகத்தில் வருத்தத்தை வரவழைத்து, "ஊசி தேஞ்சிருக்கு, தட்டு பாழாயிடும்" என்று மறுமொழி கூறும் ஆனந்தம், கச்சேரி கேட்பதில்கூடக் கிடைத்ததில்லை. 1976இல் அன்னக்கிளி படம் வந்த சமயத்தில் அந்த இசைத்தட்டு எங்கள் வட்டாரத்தில் யாரிடம் இருந்ததோ அவர் வீட்டில் சாயங்காலந்தோறும் தேநீர் ஆறாய் ஓடிற்று. இப்போதோ பத்துக் கோடிப் பாட்டுக்கு மேல் வைத்திருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். எனக்கும் பத்துக் கோடி. என் நண்பருக்கும் பத்துக் கோடி. கீழ்வீட்டில் ஆயுசில் ஒரு பாட்டுக்குக்கூடத் தலையசைத்திராத கனவானுக்கும் அதே பத்துக் கோடி. யார் யாரிடம் போய் எதைக் கேட்பது? 2013 ஏப்ரலில் ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு, இரவல் கேட்டு என் வீட்டுப் படியேறி வருகிற கால்களின் சத்தம் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, இப்போது அறவே நின்றுவிட்டது.

இந்தப் பத்துக் கோடியும் நம்முடையதா என்றால், அதுவும் இல்லை. 2024 மார்ச்சில் உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகவே, ஜீ மியூசிக் நிறுவனத்தின் இந்திப் பாட்டுகள் பல இந்தியாவில் ஸ்பாட்டிஃபையிலிருந்து மறைந்துபோயின. பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் பல்லியின் அறுந்த வாலைப் பார்ப்பதுபோல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவல் வாங்கிப்போன நண்பர் தட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அவருடைய வீடு தெரியும். வாசலில் போய் நிற்கலாம். இங்கே யாருடைய வாசலில் நிற்பது?

என் புலம்பலைக் கேட்ட மருமகன், இளைஞர்கள் மறுபடியும் இசைத்தட்டு வாங்குகிறார்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி, பெட்டாலிங் ஜெயாவில் ஆம்கார்ப் மாலின் வாரயிறுதிச் சந்தைக்கு அழைத்துப்போனார். உண்மைதான், கூட்டம் கூட்டமாக வாங்குகிறார்கள். தாடி வைத்த பையன் ஒருவன் இளையராஜாவின் இசைத்தட்டு ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றான். வீட்டில் என்ன கிராமபோன் வைத்திருக்கிறாய் தம்பி என்று பிரியமாக விசாரித்தேன். "கிராமபோன் இல்ல அங்கிள், செவுத்துல மாட்டப் போறேன், பாட்டு போன்ல இருக்கே" என்றான். எனக்கு வந்த கோபத்தில், அதே இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானியரான பாக் என்பவருக்கும் சமர்ப்பணம் செய்து வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டு, உறையின் மூலைகூட மடங்காமல் என் அலமாரியில் இருக்கிறது, அதை நான் சுவரில் மாட்டுவதில்லை, ஊசி வைத்துக் கேட்கிறேன் என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

பையனுடைய முகம் மாறியது. "உண்மையாவா அங்கிள்? குடுப்பீங்களா? விலை சொல்லுங்க" என்றான்.

எத்தனை வருஷத்துக்குப் பிறகு காதில் விழுகிற வார்த்தை! நான் அவசரப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டேன். அது பழைய சாமான் தம்பி, உனக்கு எதற்கு என்றேன். மறுபடியும் கேட்டான், தருவதற்கில்லை என்றேன். கைப்பேசியை எடுத்து ஒரு தொகையைத் தட்டிக் காட்டினான். பார்க்காததுபோல் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினேன். அவன் "பரவாயில்ல அங்கிள்" என்று சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான். இன்னும் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது.