கழுத்து ஒடிந்த துப்பாக்கி: கேள்வி - பதில்

கூடலூர் வாசகர்: தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி. பரணிலிருந்து எடுக்கும்போது கைநழுவி விழுந்து, பிடிக்கும் இடத்தில் கட்டை இரண்டாகிவிட்டது. ஏன் எல்லாத் துப்பாக்கியும் அங்கேயே ஒடிகிறது?

மரம் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். கை பிடிக்க வாகாக வெளியே செதுக்குகிறார்கள். விசையும் பொறியும் உட்கார உள்ளேயும் குடைகிறார்கள். மிஞ்சிய அந்தக் கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓடினால் தாங்கும். சாய்ந்து குறுக்கே வெளியேறினால் ஒருமுறை விழுந்தாலே ஒடியும். வால்நட் பலகையைக் கையில் எடுக்கும் நல்ல ஆசாரி சுழிகளின் அழகில் மயங்கமாட்டார். கழுத்து வரப்போகும் இடத்தில் ரேகை எப்படிப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

அதே வாசகர்: எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுக்கலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும், எதற்குத் தலையசைக்கக் கூடாது என்பதற்குத்தான் இனி வரும் பதில்கள். ஒடிந்த சிம்புகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். நகம் அளவுச் சிம்புகூட அதன் இடத்தில் திரும்ப உட்காரும்.

கோவை வாசகி: ஃபெவிகால் போட்டு ஒட்டினால் நிற்காதா?

சுத்தமான புது மரத்தில் நிற்கும். உங்கள் கட்டை பல ஆண்டுகளாகத் துப்பாக்கி எண்ணெயைக் குடித்திருக்கிறது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் வேரூன்றாது. முதலில் எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பூசினால், காயக் காய அது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்வரை. பொறுமையில்லாதவர் தோற்பது இந்த இடத்தில்தான். அதன்பின் எபாக்ஸி. மரையுள்ள பித்தளைக் கம்பி ஒன்று உள்ளே முறிவைக் கடந்து போனால் இன்னும் உறுதி. வளைந்த கழுத்தில் கிளாம்ப் பிடிக்காது. சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றலாம். அதற்காகப் பிழிந்துவிடவும் கூடாது, பசை முழுக்க வெளியேறினால் நடுவில் ஒட்ட என்ன இருக்கும்?

மதுரை வாசகர்: உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துப் புதுசாக்கிவிடச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். நான் மிகவும் பயப்படுவது உடைத்தவரைப் பார்த்தல்ல, உப்புத்தாளோடு வருபவரைப் பார்த்து. இரும்பும் மரமும் ஒரே மட்டமாக உட்கார்ந்திருக்கும் விளிம்பில் தேய்த்தால் மரம் தாழ்ந்துபோகும், இரும்பு துருத்திக்கொள்ளும். ஆலை முத்திரைகளும் பரிசோதகர் குத்திய எழுத்துகளும் ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். பள்ளங்களுக்குத் தேய்ப்பே தேவையில்லை. அங்கே மரம் காணாமல் போகவில்லை, நார்கள் அமுங்கியிருக்கின்றன. ஈரத்துணியை மடித்து வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி அழுத்தினால், நீராவி நார்களை நிமிர்த்திவிடும். நார் அறுபட்ட கீறல் மட்டும் எழாது. எழாவிட்டால் இருக்கட்டும்.

திருச்சி வாசகர்: வார்னிஷா, எண்ணெயா?

எண்ணெய். பழைய வால்நட்டுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். துளி துளியாக உள்ளங்கையால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள்! அந்த எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும். குவிந்த துணியில் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசா இப்படி விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளால்தான் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

ஊட்டி வாசகர்: ஒட்டியாயிற்று. சுட்டதும் வேறோர் இடத்தில் விரிசல் விட்டது!

இரும்புப் பகுதியின் பின்னால் வால்போல ஒரு நாக்கு நீண்டிருக்கும். சுடும்போது அது பின்னுக்கு உதைக்கும். நாக்கின் நுனி மரத்தை முட்டிக்கொண்டிருந்தால் விறகில் இறங்கும் ஆப்பு போலக் கழுத்தைப் பிளக்கும். நுனிக்குப் பின்னால் மிக மெல்லிய இடைவெளி விட வேண்டும். உதையை இரும்புப் பகுதியின் அகலமான தோள்கள் வாங்கிக்கொள்ளும். விரிசல் பயத்தைப் பெரிய ஆலைகளும் அறியும். இஷாப்பூர் ஆலையில் செய்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பலவற்றின் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி இருக்கும், மரம் பிளக்காமல் பிடித்துக்கொள்ளத்தான்.

கோவை வாசகி: இவ்வளவு பாடு எதற்கு? புதுக் கட்டை போட்டுவிட்டால்?

கழுத்து மரம் எண்ணெயில் கறுத்து, நகம் இறங்கும் அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தால் அதுதான் வழி. அப்போதும் பழையதை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். புதுக் கட்டை செதுக்குபவர் அளவெடுக்க அந்த உடைந்த கட்டைதான் வேண்டும்.